காதில் புகுந்தது

அறுபதுகளின் தொடக்கத்தில், நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் ஓடும் வாய்க்காலில்தான் எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. நான் ஆபீஸ் குமாஸ்தா. என்னோடு முழுக்கு வாங்க வந்த சின்னராசு, வடக்குத்து சேரியிலிருந்து வரும் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவரைத் தொட்ட தண்ணீர் என்மேல் படக்கூடாதென்று, நீர் வரும் பக்கமாக நகர்ந்து நின்றேன். அவர் கவனித்துவிட்டார்.

“நீங்க மேலயே நில்லுங்க சார். நான் கீழ நின்னுக்கிறேங்க” என்றார், கோபமே இல்லாமல்.

“பாவத்தையெல்லாம் விட்டுட்டீங்களா?” என்று பாஸ்டர் கேட்டார்.

“விட்டுட்டேன்” என்று கூசாமல் சொல்லி முழுகினேன். என்னைக் கழுவிய தண்ணீர் சின்னராசு பக்கம் ஓடியது. அதில்தான் அவர் முழுகினார். எழுந்து முகத்தைத் துடைத்தவர், முதல்முறையாக என்னை “அண்ணே” என்று கூப்பிட்டார்.

காதில் தண்ணீர் புகுந்தவன்போலத் தலையைச் சாய்த்து உதறினேன்.

உண்மையில் புகுந்தது அந்த ‘அண்ணே’தான். இன்னும் இறங்கவில்லை.