பாஸ்போர்ட்டில் வைத்த மஞ்சள்

லாவோசுக்குத் தரைவழியாகப் போகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கும் கவுண்டருக்கு ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள். மனைவியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போங்கள். நான் முன்னால் போய்விட்டேன்.

ஆரணியில் எங்களுக்குப் பட்டுத்தறி. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, கூட்டமாய்ப் போகிற டூர் வேண்டாம், ஆளுக்கொரு முதுகுப்பையோடு நாமே சுற்றலாம் என்று கிளம்பினோம். "இந்த வயசுல என்னிய மூட்டை தூக்க வெக்கிறீங்களே" என்றாள் மனைவி. ஆனால் பையை அளவாகக் கட்டியவள் அவள்தான். கட்டிய பையை மாட்டிக்கொண்டு ஒரு தடவை மாடிப்படி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பாதித் துணியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

தாய்லாந்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் வெளியேறும் முத்திரை வாங்கிக்கொண்டு, மீகாங் பாலத்தை பஸ்ஸில் கடந்து, லாவோஸ் பக்கம் இறங்கினோம். எனக்கு முத்திரை விழுந்தது. தடுப்பைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், அதிகாரி அவளுடைய பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இன்னா ஆச்சு?" என்றேன் இந்தப் பக்கமிருந்து.

"எனுக்கு இன்னா தெரியும்? போட்டோ பக்கத்தையே தேய்ச்சிகினு இருந்தாரு."

"அதுல இன்னா கீது?"

"கிளம்பறதுக்கு முன்னாடி சாமி ரூம்ல வெச்சி மஞ்சள் குங்குமம் வெச்சேன்."

"எங்க வெச்ச?"

"உள்ளதான். அட்டையில வெச்சா அழிஞ்சிடும்னு."

"என்னுதுலயுமா?"

"உங்களுத பீரோவுல பூட்டிட்டு சாவிய கொடுத்தீங்களா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினால் மஞ்சள் குங்குமம் வைக்காமல் ஊடை ஓட்டும் நாடாவைத் தொடமாட்டேன். பைக்குக்கும் வைப்போம், மிக்சிக்கும் வைப்போம். ஆனால் குழைத்த மஞ்சள் காகிதத்தில் ஊறினால், விவரம் தெரியாதவர் கண்ணுக்கு யாரோ மருந்து போட்டு எழுத்தை அழித்த மாதிரிதான் இருக்கும்.

அதிகாரி தனக்கு மேலதிகாரியான ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் கறையைத் தொட்டு, "கலர்? ஒய்?" என்றார். பிறகு நாங்கள் வந்த பாலத்தின் பக்கம் கையைக் காட்டினார். திருப்பி அனுப்பப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அவளிடம் போன்கூட இல்லை. அவளை நோக்கி நடந்தேன், காவலர் கையை நீட்டி நிறுத்தினார். மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்தால் சிக்னல் இல்லை. அந்த நாட்டு மொழியை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தைத் தாண்டினால் தாய்லாந்து சிம் கைவிட்டுவிடும். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முதுகுப்பையை இறக்கி கவுண்டர் மேல் வைத்து, வாரைத் திருப்பிக் காட்டினாள். வாரில் மஞ்சள் பொட்டு, நடுவில் குங்குமம். தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தாள். அதிலும் பொட்டு. டார்ச், பவர் பேங்க், குடை என்று ஒவ்வொன்றாக வந்தது, எல்லாவற்றிலும் பொட்டு. இத்தனை இடத்தில் வைத்திருக்கிறாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கடைசியில் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

"நல்லபடியா போய்ட்டு வரணும்னு வெக்கிறது சார்" என்றாள், தமிழிலேயே.

பெரியவர் சிரிக்கவில்லை. குடையை எடுத்து உற்றுப் பார்த்தார். விரலைத் தண்ணீரில் நனைத்துப் பாஸ்போர்ட்டில் தேய்த்தார். மஞ்சள் விரலில் வந்தது. ஒரு லென்சை வைத்து எழுத்துகளை வரிவரியாகப் பார்த்தார். அப்புறம் பக்கத்தைத் திருப்பி முத்திரையைக் குத்தினார்.

"ஜல்தி வா, பஸ் போய்டும்" என்றேன்.

"இருங்க. எல்லாம் கடை பரப்பி கீது." ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கிவிட்டுத்தான் வந்தாள். டிரைவர் எங்களை முறைத்துக்கொண்டே கதவை மூடினார்.

பஸ்ஸில் பாஸ்போர்ட்டை மடியில் விரித்து, ஈரப் பக்கத்தை ஊதிக்கொண்டே வந்தாள்.

"மூடிடாத, ஒட்டிக்கும்."

"மூடல." இன்னொரு தடவை ஊதினாள். "திரும்பி வரச்சேயும் இந்தப் பக்கத்ததான காட்டணும்?"

"ஆமாம்" என்றேன். பஸ் குலுங்கியதில் பக்கம் மூடிக்கொள்ளப் பார்த்தது. நான் பாஸ்போர்ட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.