உறையைப் பற்றிய விரல்கள்

கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றபோது நண்பர்கள் வளைந்த கூர்க்கா கத்தி ஒன்றைப் பரிசளித்தார்கள். மயிலாப்பூர் வீட்டு அலமாரியில் அது சும்மா கிடந்தது. போன ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பதற்காக அதை எடுத்து, தோலுறையை ஒரு கையால் இறுகப் பற்றி உருவப் போனேன்.

பேச வந்திருந்த எதிர்வீட்டு ஷமீம் அக்கா அலறினார். அவர் கணவரும் ராணுவத்தில் இருந்தவர்.

“வெட்டுற பக்கம் விரல வெக்காதம்மா! முதுகுப் பக்கமா புடி!”

விரல்களை மாற்றிப் பிடித்து உருவினேன். உறையின் பழைய தையலை அறுத்துக்கொண்டு கத்தியின் கூர் பக்கவாட்டில் வெளியே வந்தது. சற்றுமுன் என் விரல்கள் இருந்த இடம் அது.

“உள்ள போடறப்பவும் அப்டித்தான். மெதுவா, முதுகு ஒரசுனாப்ல” என்றார் அக்கா.

இந்த ஆண்டு பூஜையிலும் என் மோதிர விரல் சிவந்திருந்தது, குங்குமத்தால். அதைக் கழுவாமலே, முதல் கிண்ணம் சுண்டலோடு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.