எர்லாங்கனில் அமெரிக்காவைப் படித்த ஆறு நாட்கள்

2006 நவம்பர் 13, திங்கள். பிராங்க்ஃபர்ட்டில் விமானம் இறங்கி, நாற்பத்தெட்டு யூரோவுக்குச் சீட்டு வாங்கி, நியூரம்பெர்க்கில் ரயில் மாறி எர்லாங்கன் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. நிலையத்துக்கு யாரும் வரவில்லை. விடுதி வாசலில் என் பெயர் எழுதிய உறைக்குள் அறைச் சாவி இருந்தது.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக அமெரிக்க இலக்கியம் நடத்துகிறேன். அமெரிக்காவைப் பார்த்ததில்லை. அமெரிக்கவியல் என்ற படிப்பு எப்படிப் பிறந்து வளர்ந்தது என்று ஒரு கட்டுரை வாசிக்க இந்த ஜெர்மன் ஊரின் பல்கலைக்கழகத்தில் அழைத்திருந்தார்கள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நூலகம்தான். அறையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. இலக்கியத்தையும் வரலாற்றையும் தனித்தனியே படித்தால் ஒரு நாடு பிடிபடாது என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் தொடங்கிய படிப்பு இது. அமெரிக்க மனம் என்று ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினார்கள். உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்க நூலகங்கள் திறந்தன. பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்தன. பனிப்போர்க் காலத்தில் இந்தியாவுக்கும் வந்தன. எங்கள் கல்லூரி அலமாரியில் உள்ள அதே பச்சை அட்டைப் புத்தகம் இங்கேயும் இருந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தேன். காட்டுவதற்குப் பக்கத்தில் ஆளில்லை. அந்த இரண்டு நாளில் நான் வாய் திறந்து சொன்னது ‘நன்றி’ மட்டும்தான்.

வியாழன் மதியம், மாணவர் உணவகத்தில் சாப்பாடு பரிமாறிய பெண் என் புடவையைப் பார்த்து, “தமிழோ?” என்றார். அழுகை வந்துவிட்டது. அவர் ரெஜினா. மன்னாரிலிருந்து அகதியாக வந்து இருபது வருடம் ஆகிறது. நான் கல்லூரி ஆசிரியை என்பதையும், மறுநாள் கட்டுரை வாசிக்கப்போவதையும் சொன்னேன்.

“அமெரிக்காவைப் படிக்க இந்தியாவில இருந்து ஜெர்மனிக்கோ வந்தனீங்கள்?” என்று சிரித்தார். “அந்தப் புத்தகங்களில ஆர் ஆர் இருக்கினம், ரீச்சர்?”

“முதல்ல வெள்ளைக்கார ஆம்பிளைங்கதான் அக்கா. கறுப்பர்களும் பெண்களும் பழங்குடிகளும் ‘நாங்க எங்கே’ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் பாடம் மாறிச்சு.”

“ஓம், கேட்டாத்தானே.”

வெள்ளி காலை பத்து மணிக்குக் கருத்தரங்கு. ஏழு பேர் வந்திருந்தார்கள். ரெஜினா அக்கா வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். வாசித்து முடித்தேன். கருத்தரங்கை நடத்திய பேராசிரியர், “கேள்விகள்?” என்றார். அக்கா எழுந்து ஜெர்மனில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்த மாணவி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: “இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர்களைப் பற்றி உங்கள் பாடத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “இல்லை” என்றார். பிறகு ஒரு மணி நேரம் ஜெர்மனில் வாதம் நடந்தது. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. என்னைத் தவிர எல்லாரும் பேசினார்கள். பாதியில் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். “வேலைக்கு நேரமாச்சு. வாறன் ரீச்சர்” என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை ரயிலில் ஏறினேன். சன்னலுக்கு வெளியே எல்லாம் சாம்பல் நிறம். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பெண் என் வகுப்புக்கு வந்தாள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாட்களில் அரைநாள் விடுப்புக் கேட்டு நிற்பாள். மூன்று வருடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே என்ன நடக்கும் என்று ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லை.