முகத்துவாரத்தில் எடுத்த இரண்டாவது புட்டி

பாலாறு கடலில் சேரும் இடத்தை அந்தக் கோடையில் மணல் அடைத்துக்கொண்டது. உள்ளே தேங்கிய நீரில் மடவை மீன்கள் செத்து மிதந்தன. மணலை வெட்டி வழிவிடச் சொல்லி மீனவர்கள் மனுக் கொடுத்தார்கள். வெட்டினால் உப்பு ஏறிக் கிணறு கெடும் என்று விவசாயிகள் மறுத்தார்கள். நீரில் ஆக்ஸிஜன் இல்லை என்று தெரிந்தால்தான் வெட்டச் சொல்லி எழுதுவேன் என்று எங்கள் அதிகாரி என்னை அளந்து வர அனுப்பினார்.

செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் மதுராந்தகத்து வயல்களில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். சேற்றில் இறங்குவது எங்களோடு போகட்டும் என்று சொல்லித்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தாள். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி போட்ட புடவை, தோல் செருப்பு, கையில் புட்டிகள் அடுக்கிய மரப்பெட்டி. பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கையில் ஊரே என்னைப் பார்ப்பதாக நினைப்பு. பார்க்கவும் செய்தார்கள்.

கரையெல்லாம் கருஞ்சேறு. நான் செருப்பைக் கழற்றவில்லை. ஒருவரைச் செம்பில் நீர் மொண்டு வரச் சொல்லி, காப்பி ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து புட்டியில் ஊற்றினேன். இரண்டு மருந்துகளை விட்டு, மூடிக் குலுக்கினேன். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாக. நல்ல பழுப்பு. கரியமில வாயுவுக்கும் பார்த்தேன். அது அதிகமிருந்தால் நீர் சிவக்கச் சோடாக் கரைசல் நிறையப் பிடிக்கும். சில சொட்டிலேயே இளஞ்சிவப்பு வந்துவிட்டது.

நீரில் குறையில்லை என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னேன். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

என் வயதுப் பெண் ஒருத்தி மட்டும் நின்றாள். அவள் இடுப்பில் இருந்த சட்டியில் தூண்டிலுக்கான உயிர் இறால்.

"இன்னா டீச்சரம்மா, காத்த நீயே ஊத்திட்டு, தண்ணில காத்து கீதுன்ற?"

நான் டீச்சர் இல்லை என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. சட்டியில் இறால் துவளும்போதெல்லாம் நீரை மொண்டு மேலேயிருந்து ஊற்றுவாளாம், உடனே துள்ளுமாம். சொல்லிக்கொண்டே ஊற்றியும் காட்டினாள்.

புட்டியை நீருக்குள்ளேயே அமிழ்த்தி, குமிழி இல்லாமல் நிரப்பி, அங்கேயே மூட வேண்டும். கல்லூரியில் இதை எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருந்தேன்.

"எறங்கு, நான் புட்சிக்கிறேன். சேறு இன்னா கட்ச்சிடுமா உன்ன?"

செருப்பைக் கழற்றினேன். முழங்கால்வரை புதைந்தது. அவள் என் மணிக்கட்டை விடவில்லை. நீருக்குள்ளேயே நிரப்பி மூடிய புட்டியில் படிந்தது சுண்ணாம்பு வெள்ளை. அடுத்த புட்டியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தும் சிவப்பு வர வெகுநேரம் ஆயிற்று.

போனவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். முதலில் சொன்னது தவறு, நீரை எடுத்த விதத்தில் பிழை, பிழை என்னுடையது என்றேன். பெட்டியைத் தூக்கி வந்ததற்கு இப்போதுதான் ஒரு வேலை ஆயிற்று என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறிக்கையில் இரண்டு அளவுகளையும், முதலாவது ஏன் செல்லாது என்பதையும் எழுதினேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். எதையும் அடிக்காமல் கையெழுத்திட்டார். அதற்காக அவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். அவள் பேசாமல் போயிருந்தால், என் பெயரோடு ஒரு பொய் அரசாங்கத் தாளில் ஏறியிருக்கும். மீன்களும் செத்துக்கொண்டே இருந்திருக்கும்.

மணலை வெட்டிய பிறகு மறுபடி அளக்கப் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துக்கொண்டேன். இந்த முறை பழுப்பு. புட்டியை முதலில் அவளிடம்தான் காட்டினேன்.

"மடவ துள்றது கண்ணுக்குத் தெரியல? அதுக்கு ஒரு புட்டி வேற," என்றாள்.

நான்கு மடவைகளை ஓலையில் கட்டிக் கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் மீன்வாடைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். நான் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.