எட்டு வரிசைக்கும் ஒரே குரல்

சந்தைக் கட்டடத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். ஒரே கூரையின் கீழ் எட்டு வரிசைக் கடைகள், நான்கு வாசல்கள், நடுவே படியேறினால் தீப்பெட்டி போல ஓர் அறை. அங்கே உட்கார்ந்து தொலைந்த பிள்ளை, தவறவிட்ட சாவி, வழியை மறித்து நிற்கும் வண்டி என்று அறிவிப்பதுதான் வேலை. சந்தையில் எலக்ட்ரீஷியனாக இருந்த அவள் கணவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தபோது, கடைக்காரர்கள் சேர்ந்து பேசி வாங்கிக் கொடுத்த வேலை அது.

முதல் மாதம் எந்தக் கடை எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை தேடி வந்தவரைக் கறிக்கடைக்கு அனுப்பிவிட்டாள். மனிதர் திரும்பி வந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். மறுநாளிலிருந்து கடை திறக்குமுன் எட்டு வரிசையையும் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் மேலே ஏறுவாள். பதினோரு வருடமாக அதே நடை. எங்கே தரை வழுக்கும், எந்த மூலையில் மூட்டைகள் வழியை அடைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி.

ஒரு சனிக்கிழமை முற்பகல், கூட்டம் அலைமோதும் நேரம், ஐந்தாவது வரிசை பிளாஸ்டிக் கடையில் தீப்பிடித்தது. மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எல்லாரும் வெளிய ஓடுங்கன்னு சொல்லும்மா, சீக்கிரம்!"

"அப்படிச் சொன்னா அத்தனை பேரும் பெரிய வாசலுக்குத்தான் சார் ஓடுவாங்க. மிதிபட்டே செத்துருவாங்க."

மைக்கைப் போட்டாள். குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு, ரெண்டாவது வரிசைல இருக்கறவங்க பூக்கடை வாசலுக்குப் போங்க. மூணு, நாலு, பெரிய வாசல். அஞ்சு, ஆறு, மீன்கடை வாசல். பிள்ளைங்களைத் தூக்கிக்குங்க, ஓடாதீங்க."

அத்தோடு மின்சாரம் போய்விட்டது. ஏழும் எட்டும் பாக்கி. படிக்கட்டுக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினாள்: "ஏழு, எட்டு, பின்வாசல்!" கீழே நின்ற பழக்கடைக்காரர் அதை வாங்கி வெங்காய மண்டிக்காரருக்குக் கத்தினார். அவர் அடுத்த கடைக்கு. இப்படியே வாய்க்கு வாய் மாறிக் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது.

பத்தொன்பது கடைகள் சாம்பலாயின. உயிர்ச்சேதம் இல்லை, ஒருவருக்கு மணிக்கட்டு பிசகியதோடு சரி. புகை குடித்ததில் மைக் அக்காவுக்குத்தான் இரண்டு வாரம் பேச்சே வரவில்லை.

கடை எரிந்தவர்களுக்கு மற்ற வரிசைக்காரர்கள் இடம் ஒதுக்கினார்கள். பாத்திரக்கடைக்காரர் ஏழு மாதம் பழக்கடையின் பாதிப் பலகையில் உட்கார்ந்தார். "பழம் வாங்க வர்றவங்க வாணலியும் தூக்கிட்டுப் போறாங்க" என்று பழக்கடைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஐந்தாவது வரிசை திரும்பத் திறந்த காலையில் பத்தொன்பது கடைகளின் பெயரையும் அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒன்பதாவது பெயரோடு நின்றுவிட்டாள்.

"என்னக்கா, மைக் ரிப்பேரா?" என்று கீழிருந்து யாரோ கத்த, வரிசை முழுக்கச் சிரித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பத்தாவது கடையிலிருந்து தொடர்ந்தாள்.