இரண்டாவது பெயர்

ஆர்டிஸ் டோலெஃப்சனைத் தெரியாதவர்கள் வடசமவெளிக் கணிதச் சங்கத்தில் கிடையாது. துணைத் தலைவர் பதவிக்கு நான்கு முறை நின்று நான்கு முறையும் தோற்றவரை எப்படித் தெரியாமல் போகும்?

பதவி ஆசை பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பதவிக்கு இரண்டு பேராவது நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஜெயிக்கப்போகிறவரை முதலிலேயே பேசி முடித்துவிடுவார்கள். பிறகு ஒப்புக்குச் சப்பாணியாக ஒருவர் வேண்டுமே. பிப்ரவரி பிறந்தால் வேட்பாளர் தேடும் டுவைட் பென்னர் போன் செய்வார்.

"ஆர்டிஸ், பேரை மட்டும் கொடுங்க. வேலை ஒண்ணும் வராது, அதுக்கு நான் பொறுப்பு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க, டுவைட்."

"சொன்ன மாதிரி வேலை வரலையே?"

ஆர்டிஸ் சிரித்துக்கொண்டே பெயரைக் கொடுத்துவிடுவார். சிரிப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பீட்ரூட் வயலுக்கு நடுவே பிறந்த பெண்மணி. ரயில்நிலையத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில், ஒரு இரண்டாண்டுக் கல்லூரியில், முப்பத்து மூன்று வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் வருகிறவர்கள் நர்ஸாகப் போகிறவர்கள், வெல்டிங் படிப்பவர்கள். பின்னத்தைப் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள். அவர்களில் பாதிப்பேர் வகுப்புக்கு வெளியே காரில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அதனால் ஒவ்வொரு முறையும் வேட்பாளர் குறிப்பில் ஆர்டிஸ் ஒன்றையே எழுதினார்: ஆண்டுக் கூட்டத்தில் அரை நாளாவது, கணக்குக்குப் பயந்தவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேச வேண்டும். நான்கு முறை எழுதினார். நான்கு முறையும் கூட்டம் தேற்றங்களைப் பேசிவிட்டுக் கலைந்தது. இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. இதுதான் கடைசித் தடவை என்று டுவைட்டிடம் சொல்லியே அவர் ஐந்தாவது முறையாக நின்றார். இந்த முறை உள்ளுக்குள் ஜெயிக்கவும் ஆசைப்பட்டார். அந்த அரை நாள் வேண்டும் என்று இந்தக் கூட்டம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

ஏப்ரல் கடைசியிலும் பனி பெய்தது. மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். எதிரில் நின்றவர் ரஸ்ஸல் ஹாக்லண்ட். பல்கலைக்கழகத்துக்காரர், நல்ல மனிதர். வேட்பாளர்கள் தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்வது அங்கே மரியாதை இல்லை. ஆர்டிஸ் ஹாக்லண்டுக்குப் போட்டார், ஹாக்லண்ட் ஆர்டிஸுக்குப் போட்டார். அறையில் மொத்தம் ஐம்பத்து மூன்று பேர்.

செயலாளர் சீட்டுகளை இரண்டு தரம் எண்ணினார். ஹாக்லண்ட் இருபத்திரண்டு. ஆர்டிஸ் முப்பத்தொன்று.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஹாக்லண்ட் வந்து கையைக் குலுக்கினார். "ஒரு வாரமா துணைத் தலைவர் மாதிரி நடந்து பழகினேன், எல்லாம் வீணாப் போச்சு" என்றார். ஆர்டிஸுக்குக் கண் கலங்கியது. சாப்பாட்டுக்குப் பிறகு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான்கு வருடமாகப் பேசாமலே வைத்திருந்த நன்றியுரைத் தாள் கோட்டுப் பையில் இருந்தது. எடுக்கப் போனார்.

கோட்டுகள் வரிசையாகத் தொங்கிய நடையில், மறுபக்கம் டுவைட்டின் குரல் கேட்டது.

"ரஸ்ஸல் எப்படியும் ஜெயிச்சிடுவான், நம்ம ஒரு ஓட்டு குறைஞ்சா என்ன ஆகப்போகுதுன்னு ஆர்டிஸுக்குப் போட்டேன். பாவம், கடைசித் தடவைன்னு சொன்னாங்க."

"அட, நானும் அதே கணக்குதான் போட்டேன்" என்றது ஒரு பெண் குரல். "எங்க மேஜையில ஆறு பேரும் அப்படித்தானாம்."

"அவங்க குறிப்புல என்ன எழுதியிருந்தாங்க?"

"யாரு படிச்சா?"

ஒரு ஓட்டால் முடிவு மாறாது என்று தனித்தனியே கணக்குப் போட்டு, எல்லாருமாகச் சேர்ந்து முடிவை மாற்றிவிட்டார்கள். கணக்கு வாத்தியார்களைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தப்பு வரும்? ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு முறை தோற்றபோது வராத அவமானம் இப்போது ஜெயித்த பிறகு வந்தது. தாளை எடுக்காமலே திரும்பினார்.

மேடையில் ஏறியதும் நன்றி சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். என் குறிப்பைப் படிச்சு, அந்த அரை நாள் வேணும்னு நினைச்சு எனக்கு ஓட்டுப் போட்டவங்க கையைத் தூக்குங்க. இல்லைன்னா தூக்க வேண்டாம், நான் தப்பா நினைக்க மாட்டேன்."

யாரும் அசையவில்லை. பிறகு ஹாக்லண்டின் கை உயர்ந்தது. அவரைப் பார்த்து டுவைட் தூக்கினார். அவர் பக்கத்தில் இருந்த பெண் தூக்கினார். மேஜை மேஜையாகக் கைகள் உயர்ந்தன. எல்லார் முகத்திலும் அன்பு இருந்தது. அந்த அன்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பழக்க தோஷம், ஆர்டிஸ் எண்ணினார். விழுந்த ஓட்டு முப்பத்தொன்று. உயர்ந்த கை ஐம்பத்திரண்டு, அவரைத் தவிர அறையில் இருந்த அத்தனை பேரும். ஒருவராவது கையைக் கீழே வைத்திருந்தால், மற்றவர்களில் யாரையாவது அவர் நம்பியிருப்பார்.

"போதும், இறக்கிக்கோங்க" என்றார்.