ஆர்க்கிட்டின் மார்கழித் தூக்கம்

வாசல் தொட்டியில் இருக்கும் என் ஆர்க்கிட் குளிர்காலத்தில் ஓய்வெடுக்கும் வகை, அப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது என்று படித்தேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டு மார்கழி பிறந்ததிலிருந்து ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

இன்று பார்த்தால் வேரெல்லாம் அழுகிக் கிடக்கிறது.

கொரட்டூர் ஏரி இரவோடு இரவாகத் தொட்டிக்குக் குடிவந்துவிட்டதா என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அக்கா கோலம் போட வாளியோடு வந்தார்.

"இன்னாம்மா, செடிய இப்டி பட்டினி போட்டுக்கீற? பாவமா கீதேன்னு, வாசல் தெளிச்ச மிச்சத் தண்ணிய நான்தான் தெனம் ஊத்திகினு கீறேன்."

"அக்கா, அது தூங்குற நேரம்க்கா."

"மார்கழில நானே நாலரைக்கு எழுந்துக்கிறேன். அதுக்கு இன்னா தூக்கம்?"

அடுத்து என்ன செடி வாங்கலாம், சொல்லுங்கள். அக்காவுக்கு முன்னால் எழுந்துவிடும் வகையாக இருக்க வேண்டும்.